மிளகாய் இல்லாத காரம்

நாகசாகியின் ஷின்சி சீனத் தெருவில் நான் வழக்கமாகப் போகும் உணவகம் சிறியது. அங்கே நான் உணவுப் பட்டியலைப் புரட்டுவதே இல்லை. ஒரு நாள் சாம்போன் என்னும் சூப் நூடுல்ஸ், மறுமுறை சாரா உடோன் என்னும் பொரித்த நூடுல்ஸ். யாராவது உடன் வந்தால் இரண்டையும் வாங்கிப் பங்கிட்டுக்கொள்வோம். முதன்முறை வந்த நண்பர் ஒருவர் சாம்போன் கிண்ணத்திலிருந்து ஒரு நூடுல்ஸ் இழையைக் குச்சியால் தூக்கிப் பார்த்துவிட்டு, "முட்டையை அள்ளிப் போடுவார்கள் போலிருக்கிறதே" என்றார். அந்த மஞ்சளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த நிறத்துக்கு முட்டை தேவையில்லை. அதைத் தருவது காரம். நாக்கை எரிக்கும் காரம் அல்ல. வேதியியல் பாடத்தில் அமிலத்துக்கு எதிரில் நிற்கும் காரம்.

கோதுமை மாவு, தண்ணீர், உப்பு மட்டும் சேர்த்துப் பிசைந்தால் கிடைப்பது ஜப்பானியரின் உடோன்: வெள்ளையாக, தடித்து, மெதுமெதுவென்று இருக்கும். அதே மாவில் கிலோவுக்குப் பத்து கிராம் அளவில் கார உப்பைக் கரைத்து ஊற்றிப் பிசைந்தால் அது வேறு பண்டம். இந்தக் கார உப்புக்கு ஜப்பானில் கான்சுய் என்று பெயர். பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட்டும் சோடியம் கார்பனேட்டும் கலந்தது. நம் வீடுகளில் அப்பள மாவில் போடும் அப்பளக்காரத்துக்கு நெருங்கிய உறவு என்று சொன்னால் உடனே புரிந்துவிடும். உடனடி நூடுல்ஸ் பொட்டலத்தின் பின்புறம் 500, 501 என்ற எண்கள் இருந்தால் அவை இந்த இரண்டு உப்பு வகைகளைத்தான் குறிக்கின்றன.

முதலில் நிறம். கோதுமை மாவில் ஃபிளேவனாய்டு என்னும் சேர்மங்கள் சிறிதளவு உண்டு. சாதாரண மாவில் அவற்றுக்கு நிறமில்லை, இருப்பதே தெரியாது. காரம் பட்டதும் அவை ஹைட்ரஜன் அயனியை இழக்கின்றன, மூலக்கூறு ஒளியை உறிஞ்சும் விதம் மாறுகிறது, மாவு மஞ்சளாகிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு விழுந்ததும் குபீரென்று சிவப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே மஞ்சள் சிவப்பாகிறது, இங்கே நிறமற்றது மஞ்சளாகிறது, காரணம் ஒன்றே. இரண்டையும் ஒரே வாணலியில் பார்க்கவும் வழியுண்டு. ஜப்பானில் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டும் சமையலறைச் சோதனை இது: கான்சுய் சேர்த்த நூடுல்ஸைக் கறிப்பொடி தூவி வறுத்தால், பொடியிலுள்ள மஞ்சள்தூள் காரத்தில் பட்டுச் சிவக்கும். அதன்மேல் எலுமிச்சையைப் பிழிந்தால் பழையபடி மஞ்சளாகிவிடும்.

நிறம் கண்ணுக்கு, பல்லுக்கு வேண்டியது இழுவை. கோதுமையின் புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்து பசையமாக, அதாவது குளூட்டன் என்ற வலையாகப் பின்னிக்கொள்கின்றன. இந்த வலையை இறுக்கிப் பிடிப்பவை புரதங்களிலுள்ள கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள். காரச் சூழலில் கந்தக முனைகள் கூடுதலாக வினைபுரிகின்றன. முடிச்சுகள் கூடி வலை இறுகுகிறது. அதனால்தான் இந்த மாவைப் பிசைய மணிக்கட்டு நோகிறது. மாவுச்சத்தும் மாறுகிறது: காரத்தில் அது கஞ்சிப் பதமாவதற்குச் சற்றுக் கூடுதலான வெப்பம் தேவைப்படுகிறது. சூடான சூப்பில் கிடந்தாலும் இழை சட்டென்று குழையாமல், கடித்தால் எதிர்த்து நிற்பது இதனால். கூடவே வேகும்போது லேசாக ஒரு சாம்பல் நீர் வாடையும் வரும். சிலருக்குப் பிடிக்காது. எனக்கு அந்த வாடை இல்லாவிட்டால் சீன நூடுல்ஸ் சாப்பிட்டதாகவே தோன்றாது.

சாம்பல் என்பது வெறும் உவமை அல்ல. செடிகளை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது; தண்ணீரில் ஊறவைத்து வடித்தால் கார நீர் தயார். சீனாவின் லான்சோ நகரத்துக் கைநீட்டு நூடுல்ஸுக்கு வறண்ட நிலத்தில் வளரும் ஒரு செடியின் சாம்பலைப் பயன்படுத்தினார்கள். ஜப்பானின் தெற்கேயுள்ள ஓகினாவாத் தீவிலும் மரச்சாம்பல் நீரில்தான் மாவு பிசைந்தார்கள். அந்த ஓகினாவா நூடுல்ஸின் பெயர் சோபா. ஜப்பானில் சோபா என்றால் பக்வீட் என்னும் தானியத்தின் மாவு 30 சதவீதமாவது இருக்க வேண்டும், இதிலோ முழுக்கக் கோதுமை, எனவே அந்தப் பெயர் செல்லாது என்று 1976-இல் நியாய வர்த்தக ஆணையத்தின் அதிகாரிகள் கிளம்பினார்கள். தீவுக்காரர்கள் விடவில்லை, 1978 அக்டோபர் 17-இல் பெயருக்கு அனுமதி கிடைத்தது. ஆண்டுதோறும் அந்த நாளை ஓகினாவா சோபா நாளாகக் கொண்டாடுகிறார்கள். சாப்பாட்டுப் பெயருக்காகச் சண்டை போட்டு வெல்பவர்களை எனக்குப் பிடிக்கும்.

நாகசாகிக்கு வருவோம். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து வந்த சென் பிங்ஷுன் என்பவர் 1899-இல் இங்கே ஷிகைரோ என்ற உணவகத்தைத் தொடங்கினார். பன்றி, கோழி எலும்புகளின் சாற்றில் கடல் உணவும் கோஸும் முளைப்பயறும் போட்ட சாம்போன், கையில் காசில்லாத சீன மாணவர்களின் வயிறு நிறைய வேண்டும் என்று அவர் உருவாக்கியது. சாம்போனுக்கான நூடுல்ஸில் போடும் காரமும் ஊருக்கே உரியது. அதன் பெயர் தோ-அகு, சீனச் சாம்பல் நீர் என்று பொருள். வழக்கமான கான்சுயைவிட இதில் சோடியம் கார்பனேட்டின் பங்கு அதிகம். மற்ற ஊர் நூடுல்ஸை வேகவைத்துக் கிண்ணத்தில் போட்டு மேலே சூப்பை ஊற்றுவார்கள். சாம்போன் அப்படியல்ல, காய்கறி வதங்கிய அதே வாணலியில், கொதிக்கும் சூப்பிலேயே நூடுல்ஸையும் போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். தடித்த இழை அந்தக் கொதியைத் தாங்கிக்கொண்டு சாற்றையும் உறிஞ்சுகிறது.

சாரா உடோன் பெயரில்தான் உடோன். அதுவும் கார நூடுல்ஸ்தான். மெல்லிய இழைகளை எண்ணெயில் பொரித்துத் தட்டில் கூடுபோலக் குவித்திருப்பார்கள். நாம் மொறுமொறு என்பதை அவர்கள் பரிபரி என்கிறார்கள். பொரிக்கும்போது இழையிலுள்ள நீர் ஆவியாக வெளியேற, உள்ளே நுண்துளைகள் மிஞ்சுகின்றன; கடிக்கும்போது நொறுங்குவது அந்தத் துளைகளின் சுவர்கள். காரம் இங்கேயும் கை கொடுக்கிறது. புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பொன்னிறமும் மணமும் தரும் வினை, காரச் சூழலில் வேகமாக நடக்கும்.

கூட்டின் மேல் ஊற்றும் குழம்புதான் ஆபத்தானது. உருளைக்கிழங்கு மாவு கரைத்துக் கெட்டியாக்கியது. தண்ணீராக இருக்கும் சூப்பில் மேலே ஆறிய பகுதி கீழே இறங்கும், சூடானது மேலே வரும். இந்தச் சுழற்சியால் முழுக் கிண்ணமும் விரைவில் ஆறிவிடும். மாவுச்சத்து ஊதிக் கெட்டிப்பட்ட குழம்பில் அந்தச் சுழற்சி நடப்பதில்லை. மேலே ஆவி அடங்கிவிட்டது என்று நம்பி வாயில் வைப்பவரின் மேலண்ணம் வெந்துபோகும். என் நண்பருக்கும் அன்று அதுதான் நடந்தது. முட்டை பற்றிய விளக்கத்தில் மூழ்கி, எச்சரிக்க மறந்துவிட்டேன்.

பாதித் தட்டு முடிந்தபோது அவர் இன்னொன்றையும் கவனித்தார். என் பக்கத்துக் குழம்பு கெட்டியாகவே இருக்க, அவர் பக்கம் நீர்த்துப்போய் ஓடிக்கொண்டிருந்தது. காய்கறி விட்ட நீர் என்றால் இரண்டு பக்கமும் ஓட வேண்டும். உமிழ்நீரில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை வெட்டுவதே அதன் வேலை. வாயில் வைத்த குச்சியைத் திரும்பத் திரும்பத் தட்டில் விட்டதில், வாயில் நடக்க வேண்டிய செரிமானம் தட்டிலேயே தொடங்கிவிட்டது. நான் பொதுக் கரண்டியால் சிறு கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னதும் அவர் முகம் சுளித்தார். பிறகு எழுந்துபோய் ஒரு சிறு கிண்ணம் கேட்டு வாங்கிவந்தார்.