மா சிறப்புப் பெயர்தான், ஆனா மேங்கோ ப்ராப்பர் நவுன் இல்லீங்க

தருமபுரில இங்கிலீஷ் டியூஷன் எடுக்கறேன், பெரும்பாலும் தமிழ் மீடியம் பசங்க. டென்ஸ்ல தப்பு வந்தா வீட்டுல திட்டறாங்க, நோட்டு பூரா கண்ட எடத்துல கேப்பிடல் லெட்டர் போட்டு வெச்சிருந்தா யாரும் கண்டுக்கறதில்ல. அது கையெழுத்துப் பிரச்சன இல்லீங்க, கேப்பிடல்ல ஆரம்பிக்கற ப்ராப்பர் நவுன் (ஒருத்தருக்கோ ஒன்னுக்கோ தனியா வெச்ச பேரு) எது, காமன் நவுன் (அந்த மாதிரி இருக்கற எல்லாத்துக்கும் பொதுவான பேரு) எதுன்னே புள்ளைக்குப் புரியலன்னு அர்த்தம்.

மொத காரணம், நவுன்னா ஆளு, எடம், பொருளோட பேருன்னு மனப்பாடம் பண்ண வைக்கறது. அப்ப 'வில்லேஜ்'ங்கறதும் ஒரு எடத்தோட பேருதானே, ப்ராப்பர் நவுன்னு எழுதிடறாங்க. கேட்டா "பேருன்னுதானே சார் இருக்கு"ங்கறான், அவன் கேக்கறதுலயும் நியாயம் இருக்கு.

ரெண்டாவது காரணத்த நெறைய டீச்சருங்களே கவனிக்கறதில்ல. தமிழ் இலக்கணத்துல மரம் இடுகுறிப் பொதுப்பெயர், மா, பலா எல்லாம் இடுகுறிச் சிறப்புப்பெயர்னு படிச்சிருப்பான். அடுத்த பீரியட்ல இங்கிலீஷ் சார் வந்து காமன் நவுன்னா பொதுப்பெயர், ப்ராப்பர் நவுன்னா சிறப்புப்பெயர்னு சொல்லிட்டுப் போயிடுவாரு. பையன் என்ன பண்ணுவான், ட்ரீ காமன், மேங்கோ ப்ராப்பர்னு போடுவான். கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு வெச்சிருக்கற வீட்டுப் புள்ள மாம்பழத்தப் பத்தி பாரா எழுதினா வரிக்கு வரி கேப்பிடல் எம்தான். தமிழ்ல சிறப்புங்கறது பெரிய வகைக்குள்ள இருக்கற சின்ன வகைக்கும் வரும். இங்கிலீஷ்ல மேங்கோவும் ஒரு வகைதான், தோப்புல இருக்கற அத்தன மரத்துக்கும் அதான் பேரு, அதனால காமன் நவுன். ஆனா 'அல்போன்சா மேங்கோ'ன்னு எழுதறப்ப அல்போன்சாவுக்கு கேப்பிடல் ஏ, மேங்கோவுக்கு ஸ்மால் எம்.

நான் பசங்ககிட்ட கேக்கற கேள்வி ஒன்னுதான், இது அந்த ஒருத்தருக்குன்னு, அந்த ஒன்னுக்குன்னு வெச்ச பேரா, இல்ல அந்த மாதிரி இருக்கற எல்லாத்துக்கும் சொல்றதா? ஓசூர்ல க்ரீன் ஹவுஸ்ல வளக்கறாங்களே அந்த ரோஸ் காமன் நவுன், அதே ரோஸ் ஒரு பொண்ணுக்குப் பேரா இருந்தா ப்ராப்பர் நவுன். ரிவர் காமன், ஒகேனக்கல்ல விழற காவேரி ப்ராப்பர். ஜேசிபி கதையும் இதுதான், நம்ம ஊர்ல மண்ணு அள்ற மஞ்ச வண்டி எந்தக் கம்பெனியா இருந்தாலும் ஜேசிபிதான், ஆனா அது 1945ல இங்கிலாந்துல ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு ஆரம்பிச்ச கம்பெனியோட பேரு, அவரு இனிஷியல்தான் அந்த மூனு எழுத்தும்.

கேப்பிடல் லெட்டரப் பாத்து ப்ராப்பர் நவுன்னு முடிவு பண்ணக் கூடாது, இத அழுத்திச் சொல்றேன். வாக்கியத்தோட மொத வார்த்த எதுவா இருந்தாலும் கேப்பிடல்தான், 'நான்'ங்கறதுக்கு வர்ற ஐ நடுவுல வந்தாலும் கேப்பிடல், ஆனா அது ப்ரோநவுன். பேங்க் ஃபார்ம்ல பேரு, தெரு, வேல எல்லாத்தையும் கேப்பிடல்லயே எழுதச் சொல்றாங்க, அதப் பாத்து ஒன்னும் கத்துக்க முடியாது.

கொஞ்சம் குழப்பற எடமும் இருக்கு. 2004ல தருமபுரியப் பிரிச்சு கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆச்சு, இத இங்கிலீஷ்ல எழுதினா 'எ டிஸ்ட்ரிக்ட்'டுக்கு ஸ்மால் டி. 'கிருஷ்ணகிரி டிஸ்ட்ரிக்ட்'னு சேத்து எழுதறப்ப கேப்பிடல் டி போடறவங்களும் உண்டு, நியூஸ் பேப்பர்ல ஸ்மால் டி போடறவங்களும் உண்டு, ரெண்டுமே ஏத்துக்கறதுதான், ஒரே பக்கத்துல மாத்தி மாத்தி போடாம இருந்தாப் போதும். 'தி'யும் அப்படித்தான், ப்ராப்பர் நவுனுக்கு முன்னாடி 'தி' வரவே வராதுன்னு சொல்லிக் குடுக்காதீங்க, தி தருமபுரின்னா தப்பு, தி காவேரின்னா சரி, ஆத்துப் பேருக்கு முன்னாடி 'தி' வரும்.

காலேஜ் முடிச்சு ஓசூர் சிப்காட் கம்பெனிக்கு ரெஸ்யூம் போடற பசங்க ஹார்ட் ஒர்க்கிங், டீம், மெஷின்னு முக்கியமாப் படற எல்லாத்துக்கும் கேப்பிடல் போடறாங்க, அதே ரெஸ்யூம்ல தெரிஞ்ச மொழின்னு தமிழ், இங்கிலீஷ்ங்கறத ஸ்மால் லெட்டர்ல எழுதறாங்க. மொழிப் பேரு, கிழமை, மாசம் மூனுக்கும் எப்பவும் கேப்பிடல். சம்மர், விண்டர் மாதிரி சீசனுக்கு ஸ்மால்.