பத்து ஷில்லிங்குக்குப் போன பாட்டு

காட்டில் சிங்கம் தூங்குகிறது என்று வரும் அந்த ஆங்கிலப் பாட்டைக் கேட்காதவர்கள் குறைவு. பின்னால் சில குரல்கள் 'விமோவே, விமோவே' என்று விடாமல் சுற்றிக்கொண்டிருக்கும், மேலே ஒரு மெல்லிய ஆண் குரல் மிதந்து போகும். 1994இல் வந்த டிஸ்னியின் 'தி லயன் கிங்' படத்தில் டிமோனும் பும்பாவும் இதைப் பாடுவார்கள். ஆனால் இந்த மெட்டைப் போட்டவர் பெயரைக் கேட்டால், இசைத் துறையில் இருப்பவர்களே யோசிப்பார்கள். இசைக் கலைஞர்களின் ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வது என் வேலை. கையெழுத்துப் போடும் அவசரத்தில் யாராவது வந்தால், ஷரத்துகளுக்குப் போகும் முன் இந்த மனிதரின் கதையைத்தான் சொல்வேன்.

அவர் பெயர் சாலமன் லிண்டா. தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் 1909இல் பிறந்த ஜூலு இனத்தவர். பிழைப்புத் தேடி ஜோகனஸ்பர்க் வந்து, ஊர்க்காரர்களோடு 'ஈவ்னிங் பேர்ட்ஸ்' என்று ஒரு குழு வைத்துப் பாடினார். கோடு போட்ட சூட்டும் தொப்பியுமாக மேடையேறுவார்கள். மேலே உச்சக் குரலில் லிண்டா, கீழே அடித்தளம் போல மூன்று பேஸ் குரல்கள், அதாவது கனத்த தாழ்ந்த ஆண் குரல்கள். ஒரே பேஸ் குரலோடு நிறுத்திக்கொள்ளாமல் அதைக் கனமாக்கியது லிண்டாவின் யோசனை. பின்னாளில் இந்தப் பாணிக்கே அவருடைய பாட்டின் பெயர்தான் நிலைத்தது: 'ம்புபே', அதாவது சிங்கம். பின்னாளில் புகழ்பெற்ற தென்னாப்பிரிக்கக் குழுவான லேடிஸ்மித் பிளாக் மம்பாசோவின் இசையும் இந்த வழியில் வந்ததுதான்.

1939இல் கேலோ நிறுவனத்தின் ஸ்டூடியோவில் இந்தப் பாட்டு பதிவானது. மூன்றாவது டேக்கின் முடிவில், முன்கூட்டித் திட்டமிடாமல், லிண்டா ஒரு சிறிய மெட்டை இழுத்துவிட்டார். ஒரு சில நொடிகள்தான். ஆங்கிலப் பாட்டில் உலகமே முணுமுணுக்கும் அந்த மைய மெட்டு அதுதான். இசைத்தட்டு ஆப்பிரிக்காவில் சுமார் ஒரு லட்சம் பிரதிகள் விற்றது. லிண்டாவுக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். உரிமை கேலோவிடம் போய்விட்டது. அதே நிறுவனத்தில் இசைத்தட்டுகளைப் பெட்டியில் அடுக்கும் வேலையும் அவர் பார்த்தார்.

அப்புறம் பாட்டு கடல் தாண்டியது. அமெரிக்காவில் டெக்கா நிறுவனத்துக்கு வந்திருந்த ஆப்பிரிக்க இசைத்தட்டுகளிலிருந்து நாட்டார் இசையைச் சேகரித்துவந்த ஆலன் லோமாக்ஸ் இதை எடுத்து, நாட்டார் பாடகர் பீட் சீகரிடம் கொடுத்தார். சீகர் காதால் கேட்டு எழுதியதில், பாட்டில் வரும் 'உயிம்புபே' என்ற ஜூலு சொல் 'விமோவே' ஆனது. அவருடைய 'தி வீவர்ஸ்' குழு பாடி, 1952இல் அது ஹிட்டானது. ஆனால் இசைத்தட்டில் லிண்டா பெயர் இல்லை, 'பால் கேம்ப்பெல்' என்று இருந்தது. அப்படி ஒருவர் கிடையாது. யாருக்கும் சொந்தமில்லாத நாட்டார் பாடல்கள் என்று கருதியவற்றுக்கு ராயல்டி வாங்க, வீவர்ஸ் குழுவினர் வைத்துக்கொண்ட புனைபெயர் அது. இயற்றியவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் சீகர் 1,000 டாலர் அனுப்பினார், தொடர்ந்து லிண்டாவுக்குப் பணம் போகவேண்டும் என்று பப்ளிஷரிடம் சொல்லவும் செய்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வாய்ச்சொல்லாகச் சொன்ன நல்லெண்ணத்தை எந்த அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்டும் பல ஆண்டுகள் நினைவில் வைத்திருக்காது. இது நான் அன்றாடம் பார்ப்பது.

1961இல் நியூயார்க்கின் 'தி டோக்கன்ஸ்' குழுவுக்காக ஜார்ஜ் டேவிட் வைஸ் ஆங்கில வரிகள் எழுதினார். லிண்டா கடைசியில் இழுத்த அந்த மெட்டை எடுத்து முன்னால் வைத்ததும் அவர்தான். இசைத்தட்டின் பின்பக்கப் பாட்டாக வெளிவந்து, டிசம்பரில் அமெரிக்காவின் முதலிடத்தைப் பிடித்தது. எழுதியவர்கள் என்று வைஸும் தயாரிப்பாளர்கள் ஹ்யூகோ பெரெட்டி, லூயிஜி கிரியேட்டோர் இருவரும் பெயர் போட்டுக்கொண்டார்கள். வைஸின் பங்கு உண்மையானது, அதை மறுக்க முடியாது. ஆனால் அவர் கட்டியது லிண்டாவின் நிலத்தில்.

அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தபோது லிண்டா உயிரோடு இருந்தார் என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. 1962இல் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். வங்கிக் கணக்கில் 25 டாலருக்கும் குறைவாகவே இருந்தது. கல்லறையில் பெயர்க்கல் வைக்கக் குடும்பத்துக்கு 18 ஆண்டுகள் ஆயின. இதற்கிடையே மனைவியும் பிற்பாடு மகள்களும் மேலும் சில தாள்களில் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார்கள்.

2000இல் ரியான் மலான் என்ற தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் இதை விரிவாக எழுதிய பிறகுதான் நிலைமை மாறியது. ஓவன் டீன் என்ற பதிப்புரிமை வழக்கறிஞர் ஒரு பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார். தென்னாப்பிரிக்காவிலும் அன்று நடப்பில் இருந்த 1911ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு: ஆசிரியர் தன் வாழ்நாளில் உரிமையை யாருக்கு எழுதிக்கொடுத்திருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகள் ஆனதும் அது வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். டிக்கன்ஸ் விதி என்று இதைச் சொல்வார்கள். லிண்டா இறந்தது 1962. அப்படியானால் 1987இல், யாரும் கவனிக்காமலே, உரிமை குடும்பத்துக்குத் திரும்பியிருந்தது!

2004இல் லிண்டாவின் சொத்துக்கு நியமிக்கப்பட்ட நிர்வாகி தென்னாப்பிரிக்காவில் டிஸ்னிமீது வழக்குத் தொடுத்தார். அயல்நாட்டு நிறுவனத்தை உள்ளூர் நீதிமன்றத்துக்கு இழுக்க, அங்கே பதிவாகியிருந்த அதன் வர்த்தகச் சின்னங்களையே ஜப்தி செய்யவைத்தார்கள். மிக்கி மவுஸும் அதில் சேர்த்தி. தொழில் முறையில் சொல்கிறேன், அருமையான அடி அது. தென்னாப்பிரிக்க அரசும் கேலோ நிறுவனமும் குடும்பத்துக்குத் துணை நின்றன. 2006 பிப்ரவரியில், பாட்டின் உரிமையை வைத்திருந்த அபிலீன் மியூசிக் நிறுவனத்தோடு சமரசம் ஏற்பட்டது. 1987 முதலான ராயல்டி, இனி வரும் ராயல்டி, இணை இசையமைப்பாளர் என்று லிண்டாவின் பெயர், மூன்றும் கிடைத்தன.

சரி, நமக்கு இதில் என்ன? அந்த 1911 சட்டம்தான் சிறு மாற்றங்களோடு 1914 முதல் 1958 ஜனவரி வரை இந்தியாவிலும் நடப்பில் இருந்தது. இப்போதைய 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த 25 ஆண்டு விதி இல்லை. ஆனால் 2012 திருத்தம் வேறொரு பாதுகாப்பைத் தந்திருக்கிறது, பலருக்கு அது தெரியாமலே இருக்கிறது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமையை எழுதிக்கொடுத்தாலும், ராயல்டியில் தங்களுக்குச் சேரவேண்டிய சம பங்கை விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுகளுக்கோ, ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதை மாற்றித் தரலாம். வேறு யாருக்கும் எழுதிக்கொடுத்த ஷரத்து செல்லாது. திரையரங்கில் படத்தோடு சேர்த்து ஓடும்போது மட்டும் இந்தப் பங்கு கிடையாது. படத்தில் இடம்பெறாத தனிப் பாடல்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

என் மேசைக்கு வரும் அக்ரிமென்ட்களில் 'உலகம் முழுவதும், காலவரையின்றி, இனி கண்டுபிடிக்கப்படும் ஊடகங்கள் உட்பட' என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. அதைப் பார்த்ததும் இளைஞர்கள் இனி எதுவும் தங்களுடையதல்ல என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. ஒப்பந்தம் போட்ட நாளில் இல்லாத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பிட்டு எழுதாவிட்டால் உரிமை மாறாது. கால அளவு எழுதாமல் விட்டிருந்தால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு எழுதாமல் விட்டிருந்தால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் 'காலவரையின்றி' என்று தெளிவாக எழுதி நீங்களும் ஒப்புக்கொண்டால் இந்த ஐந்து ஆண்டுச் சலுகை உதவாது. ஆகவே அந்த இடத்தில் பேரம் பேசுங்கள். ஐந்தோ பத்தோ ஆண்டு என்று ஒரு எண் வாங்குங்கள்.

குழுவாகப் பாடுபவர்களுக்கு இன்னொன்று. ஸ்டூடியோவில் யாரோ ஒருவர் கடைசி டேக்கில் போட்ட ஒரு இழுப்பே பாட்டின் உயிராகிவிடலாம். யார் வரி, யார் மெட்டு, யாருக்கு எத்தனை சதவீதம் என்று பதிவு முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்ற கூச்சம் வேண்டாம். பிறகு பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்குமான பதிப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகிப் பாட்டைப் பதியுங்கள்.

வீட்டில் மறைந்த பாடலாசிரியரோ இசையமைப்பாளரோ இருந்தால், பிள்ளைகள் இதைக் கவனியுங்கள். இந்தியாவில் பதிப்புரிமை அவர் இறந்த பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். வாரிசாக நீங்களும் சங்கத்தில் சேரலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பழைய ஒப்பந்தங்கள், கம்பெனி அனுப்பிய கடிதங்கள், இசைத்தட்டு அல்லது கேசட் உறையில் பெயர் அச்சான பக்கம் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அதுவரை 'சும்மா ஒரு ஃபார்மாலிட்டி' என்று சொல்லி யார் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.