ஆமைக்கு ஜன்னல் வெயில் ஏன் போதாது?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "எங்கள் வீட்டு ஆமை ஒரு மாதமாகப் பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறது. தினமும் ஜன்னலோரம் இரண்டு மணி நேரம் வெயில் காய்கிறது. பிறகு ஏன் இப்படி?" நான் இருப்பது சயானில். பக்கம்தானே என்று நேரிலேயே போய்ப் பார்த்தேன்.

நான்கு வயது சல்கேட்டா. சகாராவின் தெற்கு விளிம்பில் புல் மேய்ந்து வாழும் நில ஆமை. வழவழப்பான டைல்ஸ் தரையில் அதன் வயிற்று ஓடு சரக் சரக்கென்று தேயும் சத்தம்தான் முதலில் கேட்டது. முன்னங்கால்கள் உடலை இழுக்க, பின்னங்கால்கள் துடுப்பு மாதிரி இரண்டு பக்கமும் வழுக்கி விரிந்தன. வால் பக்கத்து ஓட்டை விரலால் மெல்ல அழுத்தினேன். இந்த வயதில் கல்லாக இருக்க வேண்டிய இடம், ஈரம் பட்ட அட்டை போல லேசாக அமுங்கியது.

முதலில் கால்நடை மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். சிறுநீர்ப்பையில் கல் இருந்தாலும், வளர்ந்த பெண் ஆமைக்கு முட்டை உள்ளேயே தங்கிவிட்டாலும், கீழே விழுந்து முதுகெலும்பில் அடிபட்டிருந்தாலும் பின்னங்கால் தளரும். இதையெல்லாம் வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. படத்தில் அப்படி எதுவும் இல்லை. எலும்புகள்தான் வெளிறித் தெரிந்தன. சுண்ணாம்புச் சத்துக் குறைவு.

ஆமையின் ஓடு சட்டை மாதிரி மேலே போர்த்தியது கிடையாது. விலா எலும்பும் முதுகெலும்பும் விரிந்து ஒன்றாகி உருவான எலும்புதான் அது. இடுப்பு எலும்பும் முதுகெலும்பு வழியாக அந்த ஓட்டோடு பிணைந்திருக்கிறது. ஓடு இளகினால் பின்னங்கால்களுக்கு உந்திப் பிடிக்க உறுதியான இடம் கிடையாது. போதாததற்குத் தசை சுருங்கவும் கால்சியம் வேண்டும். இரத்தத்தில் அது குறையக் கூடாது என்று உடல் எலும்பிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுக்கிறது. அதனால் இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருக்கும்போதே எலும்பு கரைந்துகொண்டிருக்கலாம்.

சாப்பாட்டிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும், அது வெயிலில் கிடைக்கும் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். வெயில் அதை எப்படிச் செய்கிறது என்பதை மட்டும் அவசரமாகத் தாண்டிப் போக எனக்கு மனம் வருவதில்லை.

தோல் செல்களின் சவ்வில் கொழுப்பு மூலக்கூறுகளுக்கு நடுவே 7-டீஹைட்ரோகொலஸ்டிரால் என்ற மூலக்கூறு செருகிக்கொண்டு நிற்கிறது. நான்கு வளையங்கள் ஒட்டிய கட்டமைப்பு. சூரிய ஒளியில் 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதா பி கதிர் அதன் மேல் பட்டதும் இரண்டாவது வளையத்தில் ஒரே ஒரு பிணைப்பு அறுகிறது. வளையம் திறந்துகொள்கிறது. இது இன்னும் வைட்டமின் டி ஆகவில்லை, அதற்கு முந்தைய நிலை. கதிரின் வேலை இதோடு முடிந்தது. மீதியைச் செய்வது சூடு. உடல் வெப்பத்தில் மூலக்கூறு மெல்லத் தன்னைத் திருத்திக்கொண்டு வைட்டமின் டி3 ஆகிறது.

நமக்கு 37 டிகிரி எப்போதும் கைவசம் இருக்கிறது. ஆமைக்கு? 1995ல் மைக்கேல் ஹோலிக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவும் இகுவானா என்ற பெரிய பல்லியின் தோலில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வெறும் கரைப்பானில் நடப்பதைவிடத் தோலுக்குள் இந்த மாற்றம் பல மடங்கு வேகமாக நடந்தது. சவ்வின் கொழுப்புகள் இரு பக்கமும் நெருக்கி, மாறுவதற்கு ஏற்ற வளைவிலேயே மூலக்கூறைப் பிடித்து வைக்கின்றன. மாறி முடித்த டி3யின் வடிவம் அந்த இடுக்கில் பொருந்துவதில்லை. அது சவ்விலிருந்து வெளியே வந்து இரத்தத்தில் கலந்துவிடுகிறது. குளிர்ந்த இரத்தப் பிராணிக்கு எவ்வளவு அருமையான ஏற்பாடு!

இன்னொன்றும் உண்டு. வெயில் அதிகமானால் அந்த முந்தைய நிலை மூலக்கூறே மேலும் கதிரை வாங்கி, லூமிஸ்டெரால், டாக்கிஸ்டெரால் என்று வேலைக்கு ஆகாத வேறு பொருள்களாக மாறிவிடும். அதனால் வெயிலில் வைட்டமின் டி மிஞ்சிப் போகாது. வாய்வழி கொடுக்கும் மருந்து அப்படி இல்லை, மிஞ்சினால் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாயிலும் சுண்ணாம்பு படியும். அளவு தெரியாமல் சொட்டு மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சரி, செம்பூர் ஆமைக்குத்தான் தினமும் இரண்டு மணி நேர வெயில் கிடைத்ததே? கிடைத்தது மூடிய ஸ்லைடிங் ஜன்னலுக்குப் பின்னால். சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் விடும், புற ஊதா பி கதிரை அநேகமாக முழுவதும் நிறுத்திவிடும். ஆமை சுகமாகச் சூடேறிப் படுத்திருந்தது, பிணைப்பு ஒன்றுகூட அறுகவில்லை. சாயங்காலம் ஏசி அறைக்குப் போனால் அந்தச் சூடும் போயிற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையின் மழை மேகம் வேறு. இளவெயிலில் வைத்தால் நல்லது என்று சிலர் சொல்வார்கள். காலை ஏழு மணிக்குச் சாய்ந்து வரும் ஒளி அதிகத் தொலைவு ஓசோனைக் கடப்பதால் அதில் இந்தக் கதிர் சொற்பமே. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாகும் நேரம்தான் தோது. ஆனால் பாதி இடம் நிழலாக இருக்க வேண்டும், ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். தப்பிக்க நிழல் இல்லாவிட்டால் ஆமை வெந்து செத்துவிடும். மழைக்காலத்துக்குப் புற ஊதா பி விளக்கு இருக்கிறது. அது பார்க்கப் பளிச்சென்று எரிந்தாலும் கதிர் குறைந்துகொண்டே போகும், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்றிவிட வேண்டும்.

சாப்பாட்டில் தக்காளி, வெள்ளரி, பழம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். பாலக் கீரையிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அதுவும் வேண்டாம். மாட்டுங்கா பூக்கடைகளில் பிள்ளையாருக்கென்று விற்கும் அருகம்புல்லே போதும், பூச்சி மருந்து போகக் கழுவிக் கொடுக்க வேண்டும். கூடவே செம்பருத்தி இலை, கொறிக்கக் கணவாய் மீன் ஓடு. மருத்துவர் கால்சியம் ஊசி போட்டார். டைல்ஸ் மேல் தேங்காய் நார்ப் பாய் விரித்தார்கள். கால் வழுக்காமல் ஊன்றினால்தான் தசைக்கு வேலை. தாடைக்குக் கீழ் நிற்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் தினம் கால் மணி நேரம். பிராணி தண்ணீர் குடிக்கும், மலம் இளகும்.

அந்த வீட்டுப் பாட்டி "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று அதை வெளியே விடச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மராட்டிய அம்மாளோ ஆமை லட்சுமி கடாட்சம் என்றார். மகாராஷ்டிரத்தில் கோயில் கருவறைக்கு முன் தரையிலேயே கல் ஆமை உண்டு. இரண்டு நம்பிக்கையாலும் ஆமைக்குத்தான் கஷ்டம். இருபது நகம் இருந்தால் பணம் கொட்டும் என்று நம்பி ஆமைகளைக் காட்டிலிருந்தும் குளத்திலிருந்தும் பிடித்துக் கடத்துகிறார்கள். எனக்கு இதில் கோபம் வருகிறது. நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உங்களிடம் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். சல்கேட்டா போன்ற வெளிநாட்டு இனம் என்றால் 2024ல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். எதையும் ஏரியில் விடாதீர்கள்.

கால்நடைப் படிப்பில் மாடு, ஆடு, கோழிக்குப் பெரும் இடம் கொடுப்பது நியாயமே. ஆனாலும் ஊர்வன மருத்துவத்துக்கு இன்னும் கொஞ்சம் பணமும் இடமும் ஒதுக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். பிடிபடும் கடத்தல் ஆமைகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும்போது அவற்றுக்கு வைத்தியம் பார்க்க ஆள் வேண்டாமா?

எலும்பு அவசரப்படாது. இரண்டு மாதம் வரை பெரிய மாற்றம் இல்லை என்று வாசகி வருத்தப்பட்டார். அமுங்கிய ஓடு பழைய வடிவத்துக்கு வராது, கெட்டிப்படும், அவ்வளவுதான் என்று முன்பே சொல்லியிருந்தேன். ஐந்தாவது மாதம் மறுபடி போனேன். பால்கனிக் கதவின் இரும்புப் பட்டியை அது தாண்டிக்கொண்டிருந்தது. முன்னங்கால்கள் அந்தப் பக்கம் போயின. அப்புறம் இடது பின்னங்கால் பட்டியின் மேல் ஏறி, நகம் பதிந்து, உந்தியது. வயிற்று ஓடு தரையைத் தொடவில்லை.