ஹாஸ்டல் அரிப்பு: ஒருவனுக்கு மட்டும் மருந்து போட்டால் போகாது

பொங்கல் விடுமுறை முடியும் தறுவாயில் என் கிளினிக்கில் ஹாஸ்டல் பிள்ளைகள் கூட்டம். நாமக்கல் பக்கம் தோல் டாக்டராக இருந்தால் இது வருஷா வருஷம் பழகிய காட்சி. பெரும்பாலும் அம்மாதான் பேசுவார். பையன் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அன்று வந்தவன் பிளஸ் ஒன். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன். "ராத்திரியெல்லாம் சொறியறான் டாக்டர், ஹாஸ்டல் தண்ணி ஒத்துக்கல போல" என்றார் அம்மா. உப்புத் தண்ணீர், சோப்பு, மெஸ் கத்தரிக்காய், எதன் மேலாவது பழி விழும். விரலிடுக்கைப் பார்த்தேன். சின்னச் சின்னக் கொப்புளங்கள், நகம் பட்ட கீறல்கள். அக்குளிலும் தொப்புளைச் சுற்றியும் அதே. அம்மாவைச் சற்று வெளியே இருக்கச் சொன்ன பிறகுதான், "கீழேயும் இருக்கு சார்" என்றான். மூன்று மாதமாக இருக்கிறதாம்.

இதன் பெயர் ஸ்கேபிஸ். நாம் சொறி சிரங்கு என்போம். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சிறு பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. அழுக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தினம் இரண்டு வேளை குளிப்பவனுக்கும் வரும். தோலோடு தோல் கொஞ்ச நேரம் ஒட்டியிருந்தால் போதும். கட்டிலோடு கட்டில் ஒட்டிக் கிடக்கிற, ஒரே போர்வைக்குள் இருவர் தூங்குகிற அறை அதற்குக் கல்யாணப் பந்தி மாதிரி. முதல்முறை தொற்றினால் அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் பக்கத்துக் கட்டிலுக்கும் போயிருக்கும். அதனால் யார் கொண்டுவந்தது என்று தேடுவது வெட்டி வேலை.

ஆனாலும் தேடியிருக்கிறார்கள். அறையில் இவனுக்கு ஒரு பட்டப்பெயர். அதை என்னிடம் சொல்ல மறுத்துவிட்டான். பாயைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவில் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முழுக்கைச் சட்டை அதற்குப் பிறகு வந்ததுதான்.

பையில் ஒரு களிம்பு வைத்திருந்தான். மெடிக்கல் ஷாப்பில் அவர்களாகவே எடுத்துக் கொடுத்தது, ஸ்டீராய்டு கலந்தது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அரிப்பு இரண்டு நாள் அடங்கும், பூச்சி சாகாது. தோலின் தோற்றமே மாறிப்போய் டாக்டரும் குழம்பலாம். சொறிந்த இடம் சீழ்பிடித்தால் விஷயம் தோலோடு நிற்காது. சில கிருமிகளால் பின்னர் சிறுநீரகம்கூட வீங்கலாம். சிரங்கு வந்த பிள்ளைக்கு முகம் வீங்கினாலோ சிறுநீர் சிவந்து போனாலோ ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

மருந்து எளிது. 5 சதவீத பெர்மெத்ரின் கிரீமை ராத்திரி கழுத்திலிருந்து கால்விரல் வரை தடவ வேண்டும். நக இடுக்கு, பிட்டம், பிறப்புறுப்பு எதையும் விடக்கூடாது. அரிக்கிற இடத்தில் மட்டும் தொட்டுவைப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. 8 முதல் 12 மணி நேரம் கழித்துக் குளிக்கலாம். 7 நாள் கழித்து இன்னொரு முறை. சிலருக்கு ஐவர்மெக்டின் மாத்திரை கொடுப்போம், எடை பார்த்து.

கஷ்டம் மருந்தில் இல்லை, ஆட்களில். வார்டனுக்கு போன் போட்டேன். அந்த அறையில் 14 பேர். "அரிப்பு இருக்கிற பசங்களுக்கு மட்டும் போட்டாப் போதாதா டாக்டர்?" என்றார். போதாது. அரிக்கிறதோ இல்லையோ, 14 பேரும் ஒரே ராத்திரி தடவ வேண்டும். கடைசி மூன்று நாள் உடுத்திய துணி, துண்டு, போர்வை எல்லாம் கொதிக்கும் தண்ணீரில் முக்கித் துவைக்க வேண்டும். துவைக்க முடியாததை பிளாஸ்டிக் பையில் ஒரு வாரம் கட்டிவைத்தால் சரி. உடம்பை விட்டு வந்த பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. வீட்டிலும் அப்படித்தான். அம்மாவும் பேச்சோடு பேச்சாக மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்தார். அவருக்கும் சேர்த்தே எழுதினேன்.

பத்தாம் நாள் வார்டனே கூப்பிட்டார். பசங்க இன்னமும் சொறிகிறார்களாம். பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிக்கும், பயந்து மறுபடி மறுபடி கிரீம் தடவ வேண்டாம் என்றேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார், ஒரு பையன் மட்டும் காய்ச்சலில் ஊருக்குப் போயிருந்து நேற்றுதான் வந்தானாம், அவனுக்கு இரண்டு முறையும் போடவில்லையாம்.

"இன்னைக்கு ராத்திரியே தடவிடுங்க. வராந்தாவுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க" என்றேன்.