பரப்புரை: போருக்கு முன்னால் வந்து சேரும் சொல்

தேர்தல் வந்தால் ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் மைக் கட்டிய வண்டி தெருத்தெருவாகச் சுற்றுவதைப் பிரச்சாரம் என்கிறோம். போர்ச் செய்தி படிக்கும்போதும் 'ரஷ்யப் பிரச்சாரம்', 'அமெரிக்கப் பிரச்சாரம்' என்று அதே சொல்லைத்தான் போடுகிறோம். இரண்டாவது இடத்தில் மேல்நாட்டார் சொல்வது 'புரோபகாண்டா'.

அதன் வேர் தோட்டத்தில் இருக்கிறது. லத்தீனில் 'புரோபாகோ' என்றால் பதியன். மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணுக்குள் அமுக்கி, வேர் விட்டதும் வெட்டி நடுகிறோமே, அதுதான். சத்தியமங்கலத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். 1622-ல் போப் 15ஆம் கிரிகோரி, கத்தோலிக்க விசுவாசத்தைப் பரப்ப ரோமில் ஒரு பேராயம், அதாவது திருச்சபை நிர்வாகத்தில் ஒரு துறை, அமைத்தார். அதன் லத்தீன் பெயரிலிருந்து 'புரோபகாண்டா' மட்டும் தனியே கழன்று வந்தது. 1850-ல் கோயமுத்தூர் கத்தோலிக்கத் திருச்சபையின் தனி மறைப்பணி மாநிலமானபோது, அதுவும் அந்தப் பேராயத்தின் பொறுப்பில்தான் இருந்தது. திருச்சபைக்கு 'புரோபகாண்டா' ஒளிக்க வேண்டிய சொல்லே அல்ல.

சொல் முழுதாகக் கெட்டது முதல் உலகப் போரில். 1914-ல் பிரிட்டன் லண்டன் வெலிங்டன் ஹவுஸில் ஒரு ரகசிய அலுவலகம் திறந்தது. பெயர்பெற்ற எழுத்தாளர்களை எழுத வைத்து, அரசின் கை தெரியாதபடி வழக்கமான பதிப்பகங்கள் வழியாகப் புத்தகங்களை வெளியிட்டது. 1917-ல் போரில் இறங்கிய அமெரிக்கா, சினிமாக் கொட்டகையில் ரீல் மாற்றும் நாலு நிமிடத்தில் பேசுவதற்கென்றே ஏறக்குறைய 75,000 தொண்டர்களைத் திரட்டியது. போர்க் கடன்பத்திரம் வாங்கச் சொல்வதும் அவர்கள் வேலை. பேச்சும் காசும் கைகோத்த இடம் அது. 1933-ல் ஜெர்மனியில் நாஜிகள் இந்தச் சொல்லையே ஓர் அமைச்சகத்துக்குப் பெயராக வைத்து, கோயபெல்ஸிடம் கொடுத்தார்கள்.

1990 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்னால் குவைத்தைச் சேர்ந்த 15 வயதுப் பெண் அழுதபடி சாட்சி சொன்னார்: ஈராக் சிப்பாய்கள் ஆஸ்பத்திரி இன்குபேட்டரிலிருந்து பச்சைக் குழந்தைகளை எடுத்துத் தரையில் போட்டார்களாம். அதிபர் புஷ் திரும்பத் திரும்ப அதைச் சொன்னார். 1991 ஜனவரியில் போர் தொடங்கியது. பிறகுதான் தெரிந்தது, சாட்சி சொன்ன பெண் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள். சாட்சிக்கு ஏற்பாடு செய்தது குவைத் பணத்தில் வேலை பார்த்த ஒரு மக்கள் தொடர்பு நிறுவனம். இன்குபேட்டர் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. குவைத்தை ஈராக் பிடித்தது பொய்யல்ல. உண்மையான அநியாயத்தின் மேலேயே இப்படியும் ஒன்றை ஏற்றி வைக்க முடிகிறது.

அதற்காக எல்லாப் போருக்கும் பணம்தான் காரணம் என்று முடித்துவிடுவதும் சோம்பேறித்தனம். 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு அங்கிருந்து பருத்தி வருவது நின்றதும், இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. கோயமுத்தூர்ச் சீமையும் பருத்தி விளைந்த பூமிதான். நல்ல விலைக்குப் பஞ்சு விற்ற விவசாயியா அந்தப் போரை மூட்டினான்? அங்கே அடிமை முறையும் அதைக் காக்க நின்ற கருத்தியலும் இருந்தன. அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்தவர்களின் பணமும் இருந்தது, அது வேறு கணக்கு. (கருத்தியலைச் 'சித்தாந்தம்' என்றும் எழுதுகிறார்கள். சைவ சித்தாந்தம் புழங்கும் பேரூர்ப் பக்கம் அது குழப்பத்தில்தான் விடும்.)

சரி, தமிழில் என்ன எழுதுவது? 'பிரச்சாரம்' வடமொழி வழி வந்தது. பரவுதல், புழக்கத்தில் வருதல் என்று பொருள். அதற்கு நேரான தமிழ் 'பரப்புரை'. ஈழத் தமிழர் எழுத்தில் வெகுகாலமாக இருக்கிறது, இப்போது இங்கேயும் தாராளமாகப் புழங்குகிறது. நல்ல சொல்தான், ஆனால் பல் இல்லை. வாக்குச் சேகரிப்புக்கும் போலியோ சொட்டு மருந்துக்கும் அது பொருந்தும். போரைப் பற்றி எழுதும்போது 'போர்ப் பரப்புரை' என்று சேர்த்து எழுதுவது மேல். அதுவும் அரசு தன் பெயரில் செய்தால் மட்டும். கை தெரியாமல் செய்வதற்கு நம் ஊர்ப் பேச்சே போதும்: 'யாரோ கெளப்பி உட்டுட்டாங்க'. எழுத்தில் கிளப்பிவிடுதல். 1990-ல் நடந்ததற்கு நான் அதைத்தான் போடுவேன்.