தவளை வாழும் பிளைவுட் பெட்டி: ஈரம் மரத்துக்குள் போகக்கூடாது, நஞ்சு வெளியே வரக்கூடாது

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அதன் அடிவயிற்றிலும் பின்தொடைகளின் உட்புறத்திலும் மெல்லிய தோல்பகுதி ஒன்று உண்டு. ஈர மண்ணில் அதை அழுத்தி உட்கார்ந்தால் உடலுக்கு வேண்டிய நீர் ஏறிவிடும். நம் தோலின் மேற்புறத்தில் இறந்த செல்கள் 15, 20 அடுக்குகளாகக் காவல் நிற்கின்றன. தவளைக்குப் பெரும்பாலும் ஒரே அடுக்குதான். சாலமாண்டர்களில் நுரையீரலே இல்லாத பெரிய குடும்பம் ஒன்று தோல் வழியாகவும் வாயின் உட்பரப்பு வழியாகவுமே மூச்சு விடுகிறது. நீரும் ஆக்சிஜனும் இவ்வளவு எளிதாக நுழையும் வழியில் தின்னரும் பூச்சிமருந்தும் நுழையத் தடை ஏதுமில்லை.

இத்தகைய உயிர்களுக்கு மரப்பெட்டியில் வீடு கட்டும் பழக்கம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவலாக இருக்கிறது. சுரிநாம், பிரெஞ்சு கயானா காடுகளைச் சேர்ந்த நீல, மஞ்சள் நச்சு அம்புத் தவளைகள் அங்கே பிரபலம். (காட்டில் தின்னும் எறும்பு, சிற்றுண்ணிகளிலிருந்துதான் அவற்றுக்கு நஞ்சு கிடைக்கிறது. பழ ஈ தின்று வீட்டில் வளர்பவற்றுக்கு அது இல்லை.) பெட்டிக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். சின்னப் பெட்டி என்றால் கண்ணாடியே போதும். ஆள் உயரப் பெட்டி என்றால் எடை இடிக்கிறது: எட்டடிக்கு நாலடி, 10 மி.மீ. கண்ணாடி 70 கிலோவைத் தாண்டும். அதே அளவு 18 மி.மீ. பிளைவுட் 30 கிலோ சொச்சம். துளை போடுவதும் மரத்தில் சுலபம். அதனால் முன்பக்கம் மட்டும் கண்ணாடி, மற்றதெல்லாம் பிளைவுட்.

மரம் தண்ணீரைக் குடிக்கும் விதம் தெரிந்தால்தான் அதைக் காக்க அடிக்கும் பூச்சு எங்கே தோற்கும் என்பது புரியும். மரம் என்பது நெருக்கமாகக் கட்டிய உறிஞ்சுகுழல் கட்டு. பலகையின் முகத்தில் குழல்கள் படுத்திருக்கின்றன, நீர் மெதுவாகத்தான் இறங்கும். வெட்டிய விளிம்பில் குழல்களின் வாய் திறந்திருக்கிறது, அங்கே மளமளவென்று ஏறும். பிளைவுட்டில் ஒரு மெல்லிய மரத்தாளின் இழை நீளவாக்கில், அடுத்ததன் இழை குறுக்குவாக்கில் ஒட்டப்பட்டிருப்பதால், எந்தப் பக்கம் வெட்டினாலும் பாதித் தாள்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அந்தக் குறுக்கு ஒட்டுதான் பலகை நீள அகலத்தில் விரியாமல் பிடித்துவைக்கிறது. தடிமனில் உப்புவதை அதனால் தடுக்க முடியாது. ஆகவே விளிம்பிலும் மூலையிலும்தான் பூச்சு முதலில் விரிசல் விடும். பெட்டிக்குள் ஆவியாகும் நீரும் சுவரில் படிந்து, வழிந்து, அதே மூலைகளில்தான் போய்ச் சேர்கிறது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் அழுகல் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

எந்த பிளைவுட்? எம்.ஆர். எனும் சாதாரண ரகத்தில் பசை யூரியா-ஃபார்மால்டிஹைடு. தொடர்ந்து ஈரம் பட்டால் அது மெல்ல உடைந்து ஃபார்மால்டிஹைடை வெளிவிடும். பி.டபிள்யூ.ஆர். ரகத்திலும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளையிலும் இருக்கும் ஃபீனால் பசை கொதிநீரையும் தாங்கும். அப்படியானால் மரைன் பிளைதானே சரி என்று தோன்றும். ஆனால் கடையில் விற்கும் மரைன் பிளையில் கரையானும் பூஞ்சையும் அண்டாதிருக்க மருந்து ஏற்றியிருப்பார்கள். தாமிரம் சேர்ந்த மருந்து என்றால் தலைப்பிரட்டைக்குக் கொல்லி. நான் மருந்து ஏற்றாத பி.டபிள்யூ.ஆர். பலகையையே தேடுவேன். எதுவானாலும் பூச்சுக்கு இரண்டு வேலை: நீரை மரத்துக்குள் விடாமலும், மரத்திலிருப்பதை நீருக்குள் விடாமலும் பார்த்துக்கொள்வது.

இந்த இரண்டையும் நம்பிச் செய்யக்கூடியது கரைப்பான் கலக்காத எப்பாக்சி, அதாவது ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் பூச்சு. மீன்குளத்துக்கென்றே செய்யப்பட்ட ரகங்கள் உண்டு. சாதாரண பெயின்ட் காய்வதென்றால் அதிலுள்ள திரவம் பறந்துபோவது. எப்பாக்சியில் எதுவும் பறப்பதில்லை. ரெசினும் ஹார்டனரும் ஒன்றோடொன்று கைகோத்துப் பெரிய வலையாக மாறுகின்றன. இந்த வினையில் ஒவ்வொரு ரெசின் மூலக்கூறுக்கும் இத்தனை ஹார்டனர் என்று கணக்கு இருக்கிறது. நம் ஊர் ஃபைபர் பட்டறையில் பாலியெஸ்டர் ரெசினுக்கு ‘சீக்கிரம் இறுகட்டும்’ என்று இரண்டு சொட்டுக் கூடுதலாக விடுவார்கள். அது வினையைத் தூண்டும் பொருள் என்பதால் அங்கே செல்லும். எப்பாக்சியில் கூடுதல் ஹார்டனர் சேர ஆளின்றி அமீன் எனும் காரப்பொருளாகவே தங்கிவிடும், பிறகு நீரில் கசியும். தவளையின் தோலுக்கு அது எரிகாரம். எனவே கண்ணளவு வேண்டாம், தராசு வையுங்கள். கிண்ணத்தின் ஓரமும் அடியும் சுரண்டிக் கலக்குங்கள்.

முதல் பூச்சை மாலையில் அடிப்பது நல்லது. காலையில் அடித்தால் வெயில் ஏற ஏற மரக்குழல்களில் உள்ள காற்று விரிந்து குமிழியாக வெளிவரும். ஒவ்வொரு குமிழியும் ஊசித்துளை ஒன்றை விட்டுப்போகும். சூடு தணியும் வேளையில் அந்தக் காற்றே சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்கிறது. விளிம்புகளை ரெசின் குடிப்பது நிற்கும்வரை திரும்பத் திரும்பத் தடவ வேண்டும். மூலைகளில் சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எப்பாக்சியால் வளைவு கொடுத்து, மேலே கண்ணாடியிழைத் துணிப் பட்டை ஒட்டினால் மரம் அசைந்தாலும் விரிசல் ஓடாது.

மறுநாள் பரப்பைத் தொட்டால் சில சமயம் மெழுகுபோல் வழுக்கும். ஹார்டனர் காற்றிலுள்ள ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்ந்து உண்டாக்கிய படலம் அது. மழைக்காலத்தில் கூடுதலாக வரும். நல்லவேளையாக நீரில் கரையும்: முதலில் வெந்நீரால் துடைத்து, அப்புறம்தான் உப்புத்தாள் தேய்க்க வேண்டும். முதலிலேயே தேய்த்தால் மெழுகு பள்ளங்களுக்குள் போய்விடும், அடுத்த பூச்சு உரியும். கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு நாளில் கைக்குக் கெட்டியாகிவிடும். உள்ளே வினை முடிய 25 டிகிரி சூட்டில் சுமார் ஒரு வாரம் ஆகும். வாசனை நின்றதை மட்டும் நம்பக்கூடாது, மூக்குக்கு எட்டாத அமீன் இன்னும் தங்கியிருக்கலாம்.

கண்ணாடியை ஒட்டும் சிலிக்கோன் எல்லாவற்றுக்கும் கடைசி, ஏனென்றால் இறுகிய சிலிக்கோன்மேல் எந்தப் பூச்சும் பிடிக்காது. புளித்த வினிகர் வாடை அடிக்கும் ரகம் அசிட்டிக் அமிலத்தை விட்டு இறுகுகிறது. வாடை போனபின் கவலையில்லை. குளியலறைக்கென்று விற்பதைத் தொடவே வேண்டாம், கருப்புப் படராதிருக்க அதில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். சிலிக்கோன் காற்றின் ஈரத்தை இழுத்து வெளியிலிருந்து உள்ளே இறுகும் பொருள் என்பதால், நாளுக்கு 2, 3 மி.மீ. ஆழம்தான் முன்னேறும்.

எப்பாக்சிக்குப் பதில் வேறு பூச்சு? பாலியெஸ்டர் ரெசின் மரத்தில் சரியாக ஒட்டாது, அதிலுள்ள ஸ்டைரீன் எனும் நச்சுத் திரவமும் தங்கும். சிமென்ட் சுவருக்கான ரப்பர் பூச்சுகளை அமெரிக்காவில் பலர் பெட்டிக்குள் வைக்கும் அலங்காரப் பாறைகள்மேல் அடிக்கிறார்கள். நீர் நிற்கும் அடித்தளத்துக்கு அது காணாது. ‘வாடையற்றது’ என்று டப்பாவில் எழுதியிருப்பது பெயின்ட் அடிக்கும் ஆளின் நுரையீரலுக்கான செய்தி.

சோதிக்காமல் தவளையை விடக்கூடாது. மூடிய பெட்டியில் நீர் ஆவியாகி, சுவரில் படிந்து, திரும்ப அடியில் சேர்கிறது. ஆவியாகாத நஞ்சு அடிநீரில் சுற்றிச் சுற்றிச் செறிவாகும். எனவே அடித்தளத்தில் நீர் நிரப்பி இரண்டு நாள் வைத்துக் கொட்டுங்கள். இப்படிச் சில முறை. கடைசி நீரில் ஒரு குவளை எடுத்து நீர்த்தெள்ளுப்பூச்சி எனும் டாஃப்னியாவை விட்டுப் பார்க்கலாம். நச்சுத்தன்மை ஆய்வகங்களில் இதே பூச்சியை 48 மணி நேரம் கவனிப்பது வழக்கம். பக்கத்தில் நல்ல நீரிலும் சில பூச்சிகளை விட்டு வைத்தால்தான் செத்தது நஞ்சாலா, தானாகவா என்று தெரியும்.

மின்விசிறிக்கும் வடிகால் குழாய்க்கும் துளைகளைப் பூச்சுக்கு முன்பே போட்டுவிடுங்கள். திருகாணி ஒவ்வொன்றும் புதிதாகத் திறந்த குழல்வாய்தான். தேவையைவிடப் பெரிய துளையாகப் போட்டு, எப்பாக்சியால் அடைத்து, இறுகியபின் நடுவில் சின்னத் துளை இட்டால் திருகாணி மரத்தைத் தொடாது. தவளைகள் குடிவந்த பிறகு அப்படியொரு துளை தேவைப்பட்டால் அவற்றை ஒரு வாரத்துக்கு வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டும்.