கல் மின்னுவது இருக்கட்டும், கொக்கி நிற்குமா?

பனித்தரையில் இசைக்கு ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியில் உடைக்கென்று தனி மதிப்பெண் கிடையாது. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிள்ளைக்கு ஸ்கேட்டிங் உடை தைக்க என்னிடம் வரும் பெற்றோர் பலர், நன்றாக மின்னினால் நடுவர் கூடுதலாகப் போடுவார் என்று நம்பிக்கொண்டுதான் வருகிறார்கள். உடை கூட்டித் தராது. கழிக்க மட்டும் செய்யும்.

சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் விதி கேட்பது அதிகமில்லை. உடை கண்ணியமாக இருக்க வேண்டும், விளையாட்டுப் போட்டிக்குப் பொருந்த வேண்டும். பகட்டாகவோ நாடக வேஷம் போலவோ இருக்கக் கூடாது. ஆடும் இசையின் குணத்தைக் காட்டலாம். அளவுக்கு மீறி உடம்பு தெரிவது போன்ற தோற்றம் வரக் கூடாது. மீறினால் 1 புள்ளி போகும். உடையிலிருந்தோ தலையலங்காரத்திலிருந்தோ ஏதாவது பனியில் விழுந்தால் அதற்கும் 1 புள்ளி போகும். பனியில் கிடக்கும் ஒரு சின்ன இறகு அடுத்து வருகிறவரின் பிளேடில் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசித்தால், அந்த விதி ஏன் என்று புரியும்.

1 புள்ளிதானே என்று சொல்லிவிட முடியாது. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில், ஜோடியாக ஆடும் ஐஸ் டான்ஸ் பிரிவில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இருந்த வித்தியாசமே 0.79 புள்ளிதான். வெள்ளி வாங்கிய பிரெஞ்சு ஜோடியில் காப்ரியெல்லா பாபடாக்கிஸுக்கு, முதல் நாள் ஆட்டம் தொடங்கிய சில விநாடிகளில் கழுத்துக் கொக்கி கழன்றுவிட்டது. மேல்சட்டை நழுவுகிறதே என்ற பதைப்போடு அவர் முழு ஆட்டத்தையும் ஆடி முடித்தார். அதே ஒலிம்பிக்கில் சில நாள் முன்பு, அணிப் போட்டியில் தென் கொரியாவின் யூரா மின்னுக்கு முதுகுப்பக்கக் கொக்கி விட்டுக்கொண்டது. அடுத்து வரும் ஐஸ் டான்ஸ் போட்டிக்கு உடையை உடம்போடு சேர்த்துத் தைத்துக்கொள்கிறேன் என்றார் அவர். ஒலிம்பிக் வரை போன உடைக்கே இந்தக் கதி என்றால், நம் பிள்ளையின் உடையில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

இராமநாதபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். பரதநாட்டியம், பள்ளி ஆண்டு விழா என்று மேடை உடைகள்தான் என் பிழைப்பு. நம் பக்கத்தில் ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள் கொட்டுவது மட்டும்தான். ஆனாலும் சிமென்ட் தரையில் சக்கரம் கட்டி ஆடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் பெற்றோர் செல்போனில் கொண்டுவருவதெல்லாம் பனியில் ஆடும் வெளிநாட்டுப் பெண்களின் படங்கள். “அக்கா, இதே மாதிரி அப்படியே வேணும்.” சரி, தைக்கலாம். ஆனால் அந்தப் படம் நின்றுகொண்டிருக்கிறது. உங்கள் பிள்ளை நிற்கப் போவதில்லை.

ஸ்கேட்டிங் உடையை அசைவில்தான் எடைபோட வேண்டும். பனியில் நான்கு சுற்றுத் தாவல் போடுகிறவர் காற்றில் இருப்பது ஒரு விநாடிக்கும் குறைவான நேரம். அந்த நேரத்துக்குள் கைகளை மார்போடு இழுத்துச் சுழல வேண்டும். மணிக்கட்டில் கனமான கல் வரிசை இருந்தால் அந்த இழுப்பு கடினமாகும். நம் பிள்ளைகள் நான்கு சுற்றுப் போடப் போவதில்லை, ஆனால் ஒரு சுற்றுக்கும் கணக்கு அதேதான். சுழலும்போது பாவாடை குடையாக விரியும். அப்போது கண்ணில் படுவது உள்ளே இருக்கும் பேண்டி. ஆகவே அதற்கும் மேல்சட்டைத் துணியே வேண்டும், தையலும் அதே கவனத்தோடு வேண்டும். கடையில் ரெடிமேடாக வாங்கிய வெள்ளை ஷார்ட்ஸை உள்ளே போட்டு அனுப்பிவிடுகிறார்கள். நீலப் பாவாடைக்குள்ளிருந்து அது எட்டிப் பார்ப்பதை மைதானமே பார்க்கும்.

கொக்கிக்கு நம் கடற்கரையில் இன்னொரு எதிரி இருக்கிறது, உப்புக் காற்று. மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் பக்கம் வீடு என்றால் சாதாரண இரும்புக் கொக்கி வைத்த உடையைப் பீரோவில் போட்டு மறந்துவிட்டு, அடுத்த போட்டிக்கு எடுத்துப் பாருங்கள். கொக்கி பழுப்பேறி, துணியிலும் துருக்கறை இறங்கியிருக்கும். உலோகப் பல் ஜிப் பாதியில் நின்றுகொள்ளும். அதனால் நான் பிளாஸ்டிக் பல் ஜிப்தான் வைக்கிறேன். முடிந்தவரை திறப்பே இல்லாமல், கழுத்து வழியாக இழுத்து மாட்டும்படி வெட்டிவிடுகிறேன். பின்கழுத்தில் மட்டும் ஒரு கீறல், அதற்கு இரண்டு பட்டன், எலாஸ்டிக் காது. கொக்கிதான் வேண்டும் என்றால், இழுபடும் லைக்ரா துணியில் நேராகத் தைக்கக் கூடாது. உள்ளே ஒரு துண்டு பருத்தி நாடாவை வைத்து, அதன் மேல் இரட்டை நூலில் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் துணி இழுபடும்போது கொக்கியைச் சுற்றிக் குழி விழும், கொக்கி மெல்லத் திரும்பும், திரும்பிய கொக்கி கழன்றுவிடும். ட்ரையலில் பிள்ளையைத் தன்னைத் தானே கட்டிப்பிடிக்கச் சொல்லுங்கள். முதுகை வளைத்து மூச்சை நன்றாக இழுக்கச் சொல்லுங்கள். அப்போது கொக்கி நிமிர்ந்தால் அந்த உடையை வாங்காதீர்கள், நானே தைத்திருந்தாலும் சரி.

துணி விஷயத்தில் பெரிய விளக்கம் வேண்டாம். நாலு பக்கமும் இழுபட வேண்டும். ரவிக்கை எடுத்த சாட்டின் துண்டு மிச்சம் இருக்கிறது, அதில் தைத்துவிடுங்கள் என்பவர்களிடம் நான் காசு வாங்குவதில்லை. தையலும் இழுபட வேண்டும். ஓவர்லாக் அல்லது ஜிக்ஜாக், அதுவும் முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசியில். பக்கத் தையலைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், படபடவென்று நூல் தெறித்தால் அது நேர்த்தையல்.

கல்லுக்கு வருவோம். பாதிச் செலவு அங்கேதான் போகிறது, பாதிச் சண்டையும் அங்கேதான். கல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உடையின் வெட்டு தெரிவதற்கு மார்பிலும் தோளிலும் ஒரு வரிசை ஒளி உதவும். ஆனால் அக்குளில், இடுப்பின் இரு பக்கத்தில், பின்புறத்தில் கல் கூடாது. அக்குளில் உராய்ந்து தோல் சிவக்கும். பிள்ளை விழுந்தால் பின்புறக் கல்தான் முதலில் தெறிக்கும். பசையில் ஒட்டிய கல்லை நகத்தால் நெம்பிப் பாருங்கள். துணியை இழுத்து வைத்து ஒட்டியிருந்தால் பிடித்து நிற்கும். துணி தளர்வாக இருக்கும்போது ஒட்டியிருந்தால், போட்டு இழுத்ததும் கல் விளிம்பு தூக்கும், இரண்டாவது போட்டிக்குப் பாதி இருக்காது. நம் தரையில் உதிர்ந்த ஒரு கல் சக்கரத்துக்கு அடியில் போனால், புள்ளியோடு முழங்காலும் போகும். ஓரங்களுக்கு ஓட்டை வைத்த, தைக்கிற கல்லே நல்லது.

பெரிய பெயர்களைச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. 1992 ஒலிம்பிக்கில் பிரான்சின் ஸ்கேட்டர் சூர்யா பொனாலிக்கு உடை வடிவமைத்தவர் பிரெஞ்சு வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் லாக்ரோவா. 1994இல் அமெரிக்க ஸ்கேட்டர் நான்சி கெரிகனின் உடைகள் வடிவமைப்பாளர் வேரா வாங்குடையவை. இன்றும் படம் போட்டுப் பேசப்படும் உடைகள். இரண்டு முறையும் தங்கம் வேறு பெண்களுக்குப் போனது.

அடுத்தது நெட் துணி. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கழுத்து, கை, முதுகுப் பகுதியில் தோல் போலத் தெரிய மெல்லிய நெட் வைப்பது ஸ்கேட்டிங் உடையின் அடிப்படை வேலை. உடை ஒட்டியிருக்கும், உடம்பு மூடியிருக்கும், பார்வைக்குத் தோல் போல இருக்கும். ஆனால் கடையில் ஸ்கின் கலர் என்று கொடுப்பது ரோஸ் கலந்த ஒரு வெளிறிய நிறம். நம் கடற்கரைப் பிள்ளைகளின் தோள் மேல் அதை வைத்தால், கட்டுப் போட்ட மாதிரி தெரியும். அதற்குப் பிறகு பெற்றோர் செய்வது இன்னும் மோசம். நெட்டை மாற்றுவதில்லை, பிள்ளை முகத்துக்குப் பவுடர் பூசுகிறார்கள்.

நெட் நைலானாக இருந்தால் டீயே போதும். பாலில்லாத கெட்டி டிக்காஷனைச் சூடாக வைத்து, நெட்டை நனைத்துப் பிழிந்துவிட்டு உள்ளே போட்டு, கரண்டியால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டுவிட்டால் திட்டுத் திட்டாக ஏறும். ஈரத்தில் நிறம் அழுத்தமாகத் தெரியும், காய்ந்ததும் ஒரு படி இறங்கும், ஆகவே துண்டு துணியில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நிழலில் காயப்போட்டு, பகல் வெளிச்சத்தில் பிள்ளையின் தோளில் வைத்துப் பாருங்கள். கையில் வைத்துப் பார்க்காதீர்கள். சாயங்கால வெயிலில் பயிற்சி எடுக்கும் பிள்ளைக்கு முன்கை ஒரு நிறம், தோள் ஒரு நிறம். நெட் எங்கே வரப்போகிறதோ அங்கே பொருந்த வேண்டும். பாலியெஸ்டர் நெட் டீயை ஏற்காது, வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

கண்ணியம் என்ற சொல் விதியில் இருப்பதால், குட்டைப் பாவாடையே கூடாதா என்று சிலரும், முழுக்கால் மூடினால் மார்க் குறையுமா என்று சிலரும் கேட்கிறார்கள். விதி ஒரே இடத்தில் நின்றதில்லை. 1988 கால்கரி ஒலிம்பிக்கில் கிழக்கு ஜெர்மனியின் கத்தரீனா விட் இறகு வைத்த, பாவாடை என்று சொல்ல ஏதுமில்லாத நீல உடையில் ஆடித் தங்கம் வாங்கினார். அதன் பிறகுதான் பெண்கள் இடுப்பையும் பின்புறத்தையும் மூடும் பாவாடை போட வேண்டும் என்று விதி வந்தது. கத்தரீனா விதி என்றே அதற்குப் பெயர். 2004இல் அது எடுக்கப்பட்டது. அன்றிலிருந்து பெண்கள் முழுக்கால் பேண்ட் அணிந்தும் ஆடலாம்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துத் தாய்மார்களுக்கு நான் சொல்வது ஐக்கிய அரபு அமீரகத்தின் ஸ்கேட்டர் ஸாஹ்ரா லாரியின் கதை. 2012இல் இத்தாலியில் நடந்த போட்டியில் ஹிஜாப் அணிந்து ஆடியதற்காக அவருக்குப் புள்ளி குறைத்தார்கள். அவர் விடாமல் முறையிட்டார், விதி மாறியது. ஆகவே முழுக்கை, முழுக்கால், தலைமூடி எல்லாம் தைக்கலாம். தலைமூடி மட்டும் பறக்கும் துணியில் கூடாது. அதே லைக்ராவில், கழுத்தோடு சேர்த்து ஒரே உடையாக, ஊசி குத்தாமல் நிற்கும்படி தைக்க வேண்டும். உள்ளூர்ப் போட்டி நடத்துகிறவர்கள் என்ன விதி வைத்திருக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், நடுவர் மேஜை முன்னால் நின்று வாதாட முடியாது.

இன்னொன்று, வேஷம். 2010 வான்கூவர் ஒலிம்பிக் பருவத்தில் ஐஸ் டான்ஸ் ஜோடிகள் நாட்டுப்புற நடனம் ஒன்றை எடுத்து ஆட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி வைட் இந்திய நடனத்தை எடுத்தார்கள், அதை அறிந்த ஒருவரிடம் கற்றுக்கொண்டு, நம் உடையைப் போல ஓர் உடையில் ஆடினார்கள். ரஷ்யாவின் டோம்னினா, ஷபாலின் ஜோடி ஆஸ்திரேலியப் பழங்குடியினர் போல வேஷம் கட்டியது. பழுப்பு உடையில் வெள்ளைக் கோடுகள், கோவணம், இலைகள். அந்த மக்களே வருத்தப்பட்டுக் கேள்வி கேட்டார்கள், ஒலிம்பிக்குக்குள் வேஷத்தைக் குறைத்து உடையை மாற்ற வேண்டியதாயிற்று. நம் பள்ளிகளில் மீனவர் நடனம் என்றால் கிழிந்த லுங்கியும் முகத்தில் கரியும்தான் இன்னும் கேட்கிறார்கள். பார்வையாளர் வரிசையில் பாம்பன் படகுக்காரரும் உட்கார்ந்திருக்கிறார். நான் அந்த உடையைத் தைப்பதில்லை.

பள்ளிகளில் உடைக்கு மார்க் போட என்னை அழைத்தால் நான் கடைசி வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுவேன். உடையின் உருவம் அங்கே தெரிகிறதா, ஆடும்போது பிள்ளையின் கை எதையாவது இழுத்துச் சரிசெய்கிறதா, இந்த இரண்டும்தான் எனக்கு முக்கியம். தோள்பட்டையை ஒரு தடவை இழுத்துவிட்டால் பரவாயில்லை, நான்காவது தடவை என்றால் உடை தோற்றுவிட்டது. நெட் தவிர மற்றத் துணியின் நிறத்தைப் பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மஞ்சள் சோடியம் விளக்கில் நீலமும் ஊதாவும் கறுத்துப்போகும். போட்டி நடக்கும் இடத்தின் விளக்கில் ஒரு முழம் துணியைப் பிடித்துப் பார்த்தால் போதும்.

தைக்கக் கொடுப்பவர்கள் போட்டிக்கு ஒரு மாதம் முன்னால் வாருங்கள். பிள்ளை, ஸ்கேட், ஆடப்போகும் பாட்டு மூன்றும் வேண்டும். முதல் ட்ரையலை என் கடைக் கண்ணாடிக்கு முன்னால் வைக்க மாட்டேன், சக்கரம் கட்டித் தரையில்தான். அன்றைக்கு உடையில் ஒரு கல்கூட இருக்காது. அதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், கல் ஒட்டுவது கடைசி வேலை.